பிளாவும் பீப்பாவும்

மரத்தின் வாசனை எவ்வளவுக்கெவ்வளவு தூக்கலாக வீசுகிறதோ அவ்வளவுக்கவ்வளவு அந்தச் சிவப்பு வைன் உயர்ந்தது என்றும், வனிலா மணம் மூக்கில் ஏறிய கணத்திலேயே அது பல்லாண்டுகள் பக்குவப்பட்ட பழைய சரக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம் என்றும் நம்மவர்களிடையே ஓர் அபிப்பிராயம் மெல்ல மெல்ல வேரூன்றி வருகிறது. இதைச் சில காலமாகவே கவனித்து வருகிறேன். அவரவர் நாக்கு அவரவர்க்கு என்று பேசாமலும் இருந்திருப்பேன். ஆனால் ஊர்காவற்றுறையிலே ஒரு பிள்ளையின் புதுநன்மைக் கொண்டாட்டத்தின் மாலையிலே, பாரிஸிலிருந்து வந்திருந்த உறவுக்காரத் தம்பி ஒருவர் அன்போடு ஒரு போத்தலைத் திறந்து என் கையில் கிளாஸைத் தந்துவிட்டுச் சொன்ன வார்த்தைகளைக் கேட்ட பிறகு, இதைப் பற்றி எழுதாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது.

"அண்ணை, ஒருக்கா மணத்திப் பாருங்கோ. வனிலாவும் தேங்காயுமா மணக்குது. பத்து வருசமாவது பீப்பாவுக்குள்ள கிடந்திருக்கும்."

மணந்து பார்த்தேன். அவர் சொன்ன இரண்டு மணமும் இருந்தன. அதில் அவருடைய மூக்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முகச்சீட்டைத் திருப்பிப் பார்த்தால் அறுவடை நடந்து இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. வாயில் வைத்தபோது, முன்னால் தேங்காய், பின்னால் வனிலா, அதற்குப் பின்னால் நாக்கை உலர்த்தும் ஒரு துவர்ப்பு. பழம் எங்கே என்று தேடினால், அது எங்கோ ஓர் ஓரத்தில் ஒதுங்கி நின்றது.

"தம்பி, இதில மரம் மட்டும்தான் கதைக்குது. பழம் இன்னும் வாயே திறக்கேல்லை" என்றேன்.

அவருக்கு அது விளங்கவில்லை. (விளங்காததில் வியப்பில்லை, கடையிலே விற்பவர்களும் மரவாசனையைத்தானே பெருமையாக எடுத்துச் சொல்கிறார்கள்!) அன்றிரவு அவரோடு திண்ணையிலிருந்து நெடுநேரம் பேசினேன். அந்தப் பேச்சின் விரிவுதான் இந்தப் பதிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாத்திரம் பானத்தோடு பேசும் என்பதை ஐரோப்பியர் வந்துதான் நமக்குக் கற்பிக்க வேண்டும் என்ற நிலையில் நம் யாழ்ப்பாணத் தீவகத்து மனிதர்கள் ஒருபோதும் இருந்ததில்லை. நெடுந்தீவிலும் புங்குடுதீவிலும் வேலணையிலும் பனங்கள்ளைப் பச்சைப் பனையோலையில் கோலிய பிளாவிலே வார்த்துக் குடித்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நெடுந்தீவிலே முதியவர் ஒருவர், நான் கண்ணாடிக் கிளாஸை நீட்டியபோது, அதை மென்மையாக விலக்கிவிட்டு, "கிளாசில ஊத்தினா அது புளிச்ச தண்ணி, மோனை, பிளாவில வார்த்தாத்தான் கள்ளு" என்றார். நான் இரண்டிலும் வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்துப் பார்த்தேன். ஒரே மரத்துக் கள், ஒரே முட்டியிலிருந்து வார்த்தது. ஆயினும் பிளாவில் இருந்ததிலே பச்சையோலையின் மணம் ஒன்று, கள்ளின் புளிப்பை அணைத்துக்கொண்டு, இளம் கசப்போடு மூக்கின் பின்புறத்திலே தங்கி நின்றது. கிளாஸில் இருந்ததிலே புளிப்பு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது.

அதைவிடக் கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. புதிதாய்க் கோலிய பிளாவிலே முதல் வார்ப்புக்குத்தான் ஓலை மணம் அதிகம். அடுத்தடுத்து வார்க்க வார்க்க அது தணிந்துகொண்டே போகும். மூன்றாம் நான்காம் வார்ப்பிலே ஓலை தன் பங்கைக் கொடுத்து முடித்துவிட்டு, வெறும் ஏனமாக நின்றுவிடும். இந்த ஒரு சங்கதியை நாக்கினால் அறிந்தவனுக்கு, ஓக் பீப்பாவின் பிரதான இரகசியத்தில் பாதி அப்போதே கைவந்துவிட்டது. புதுப் பீப்பா தன் மணத்தில் பெரும்பகுதியை முதல் நிரப்பிலேயே வைனுக்குக் கொடுத்துவிடுகிறது. மூன்று நான்கு முறை நிரப்பி வடித்தபின் அதனிடம் கொடுப்பதற்கு மணம் என்று ஏறக்குறைய எதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவே, மரமணம் தூக்கலாக இருப்பது பீப்பா புதியது என்பதைத்தான் சொல்லுமேயன்றி, வைன் பழையது என்பதைச் சொல்லாது. நம் தம்பி தலைகீழாகப் புரிந்துகொண்டது இதைத்தான்.

அப்படியானால் மணம் தராத பழைய பீப்பாவிலே ஏன் வைக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பீப்பா செய்யும் வேலை இரண்டு. ஒன்று, தன்னுடைய மணத்தையும் துவர்ப்பையும் கொடுப்பது. மற்றொன்று, பலகைகளின் வழியாகவும் அவற்றின் பொருத்துகளின் வழியாகவும் மிக மிகச் சிறிய அளவிலே காற்றை உள்ளே விடுவது. இந்த மெல்லிய சுவாசத்தினாலே, பழத்தோலிலிருந்து வந்த துவர்ப்புப் பொருள்களும் நிறப் பொருள்களும் ஒன்றோடொன்று இணைந்து நீள்கின்றன. நாக்கைப் பிடித்திழுத்த கரடு கரைந்து வழவழப்பாகிறது. ஊதா கலந்த இளஞ்சிவப்பு நிறம் நிலைபெற்று, ஆண்டுகள் செல்லச் செல்லச் செங்கல் நிறத்தை நோக்கி நகர்கிறது. மணம் கொடுப்பதை நிறுத்திவிட்ட பழைய பீப்பாவும் இந்தச் சுவாசத்தை நிறுத்துவதில்லை. மரத்தின் செல்வாக்கு என்றால் மரத்தின் வாசனை மட்டுமே என்று எண்ணுபவர்கள், இந்த இரண்டாவது, சத்தமில்லாத, என் மனத்துக்கு மேலானதாகத் தோன்றும் உதவியை அறியாமலே போய்விடுகிறார்கள்.

மரம் என்றால் எந்த மரமும் ஆகாது. வைனுக்குப் பெரும்பாலும் பயன்படுவது வெள்ளை ஓக் வகை. அதிலும் ஐரோப்பிய ஓக் வேறு, அமெரிக்க ஓக் வேறு. தேங்காய்ப்பூ மணத்தைத் தரும் லாக்டோன் என்ற பொருள் அமெரிக்க ஓக்கிலே அதிகம். ஐரோப்பிய ஓக்கிலே அது குறைவு, துவர்ப்புப் பொருள்கள் கூடுதல். அமெரிக்க ஓக்கின் நுண்குழாய்கள் இயல்பாகவே நன்றாக அடைபட்டிருப்பதால் வாளால் அறுத்தே பலகையாக்கலாம். பிரெஞ்சு ஓக்கை அப்படி அறுத்தால் ஒழுகும். அதன் இழையோட்டத்தைப் பின்பற்றிப் பிளக்கத்தான் வேண்டும். பிளந்தால் மரத்தின் பெரும்பங்கு வீணாகிறது. பிரெஞ்சுப் பீப்பாவின் விலை ஏறி நிற்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். பிளந்த பலகைகளை இரண்டு மூன்று ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் அடுக்கி வைக்கிறார்கள். மழை அதன் முரட்டுத் துவர்ப்பைக் கழுவிக்கொண்டு போகிறது. பின்னர் வளைத்துக் கட்டும்போது உள்ளே நெருப்பு மூட்டி வாட்டுகிறார்கள். அந்த வாட்டலின் பதத்தைப் பொறுத்தே மணம் அமைகிறது. மரத்தின் லிக்னின் சூட்டிலே உடைந்து வனிலின் ஆகிறது (வனிலாக் காயிலே இருக்கும் அதே பொருள்). இன்னும் வாட்டினால் புகைமணமும், சீனி கருகும் வாசமும், கோப்பி வாசமும் தலைகாட்டுகின்றன. யூஜினால் என்று ஒரு பொருளும் ஓக்கில் உண்டு. கராம்பை வாயிலிட்டுக் கடித்தால் வரும் மணம் அந்த யூஜினாலின் மணம்தான். ஆகையால் ஒரு வைனிலே கராம்பு மணக்கிறதென்று நம் குசினிப் பழக்கத்திலே நாம் சொன்னால், அது வெறும் கற்பனையல்ல, பொருள் இருக்கிறது.

போர்தோவிலே வழங்கும் பீப்பா 225 லீற்றர் கொள்ளும். பூர்கோஞ் பகுதியிலே 228. இந்த அளவுக்கும் ருசிக்கும் சம்பந்தம் உண்டு. பீப்பா சிறிதாக ஆக, உள்ளே இருக்கும் ஒவ்வொரு லீற்றருக்கும் கிடைக்கும் மரப்பரப்பு கூடுகிறது. ஆயிரக்கணக்கான லீற்றர் கொள்ளும் பெரிய மரத்தொட்டியிலே வைத்தால் மரத்தின் குரல் தானே அடங்கிவிடுகிறது. இத்தாலியின் பரோலோப் பகுதியிலே பழைய சம்பிரதாயத்தினர் பெருந்தொட்டிகளையும், புதுமை நாடியவர்கள் சிறு பீப்பாக்களையும் ஆதரித்து இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலே பெரும் வாதம் செய்ததும் இதனாலேதான்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. பிரான்சின் நடுவே துரோன்சே என்று ஒரு புகழ்பெற்ற ஓக் காடு இருக்கிறது. பதினான்காம் லூயி மன்னனின் அமைச்சரான கொல்பேர், 1669ஆம் ஆண்டு வனச் சட்டத்தை இயற்றி, இத்தகைய காடுகளைப் பேணச் செய்தது வைனுக்காக அல்ல, கடற்படைக் கப்பல்களுக்காக. அந்த ஓக் மரங்கள் பருவம் எய்த நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகள் வேண்டும். அவை வளர்ந்து முடிந்தபோது உலகம் இரும்புக் கப்பலுக்கு மாறிவிட்டது. காடு பீப்பாக்காரர்களுக்குக் கிடைத்தது. அதே மரக்கப்பல் காலத்திலே, நம் தீவுகளைச் சூழ்ந்த கடலிலே 1658க்குப் பின் ஒல்லாந்தர் கப்பல்கள் வந்து நின்றன. நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றும், வேலணைத் தீவுக்கு லைடன் என்றும் தங்கள் ஊர்ப் பெயர்களை அவர்கள் சூட்டினார்கள். ஊர்காவற்றுறைக்கு எதிரே கடலின் நடுவே நிற்கும் கோட்டையைப் பார்க்கும்போதெல்லாம், நீரும் வைனும் சாராயமும் உப்பிட்ட இறைச்சியும் எல்லாமே மரப்பீப்பாவிலேயே பிரயாணம் செய்த காலம் என் நினைவில் எழும். அன்றைக்குப் பீப்பா ருசிக்காக அல்ல, உருட்டிச் செல்வதற்காகவும் உடையாமல் இருப்பதற்காகவுமே இருந்தது. ருசி பிற்பாடு கண்டுபிடித்த நன்மை.

நம்முடைய பழைய இலக்கியத்திலும் இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது என்பதைச் சொல்லும்போது எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி உண்டாகிறது. திருமுருகாற்றுப்படையிலே, குன்றக் குறவர்கள் மூங்கிற் குழாயிலே நெடுநாள் வைத்து விளைந்த தேனாலான தேறலைப் பருகிக் குரவை ஆடுவது வருகிறது. மூங்கிலில் விளைந்த தேறல் சங்கப் பாடல்களிலே வேறு இடங்களிலும் வரும். விளைதல் என்ற சொல்லைப் பயிருக்கு வைத்தது போலவே மதுவுக்கும் வைத்தவர்கள், பாத்திரத்திலே கிடந்து பக்குவமாவதையும் அறிந்திருந்தார்கள். யவனர் கொணர்ந்த வைனைப் பற்றிப் புறநானூறும் பேசுகிறது; அதன் குளிர்ந்த நறுமணத்தையும் அது வந்த நல்ல கலத்தையும் சேர்த்தே பேசுகிறது. கலத்தை மறக்காமல் சொன்ன அந்தப் புலவரின் மூக்குக்கு என் வணக்கம்.

சரி, அந்தத் தம்பியோடு செய்த பரீட்சைக்கு வருகிறேன். சொல்லி விளங்க வைப்பதைக் காட்டிலும் குடித்து விளங்க வைப்பது எளிது. அவர் கொண்டுவந்திருந்த போத்தல்களிலே வேறு இரண்டையும் திறக்கச் சொன்னேன். ஒன்று பொஜொலே, கமே என்ற பழத்திலே செய்தது, மரமணம் அறவே இல்லாதது. மற்றொன்று ஸ்பெயின் நாட்டு ரியோகா, 'ரிசர்வா' தரம். (ரியோகாவிலே இதற்குச் சட்டம் உண்டு: ரிசர்வா என்றால் மொத்தம் மூன்று ஆண்டு, அதில் ஓராண்டாவது பீப்பாவிலே, கிரான் ரிசர்வா என்றால் ஐந்து ஆண்டு, அதில் இரண்டு ஆண்டாவது பீப்பாவிலே. முகச்சீட்டின் ஒரு சொல்லே மரத்தின் காலத்தை நமக்குச் சொல்லிவிடுகிறது.) பழைய வழக்கப்படி அங்கே அமெரிக்க ஓக்கையே மிகுதியும் பயன்படுத்துவார்கள், ஆகவே தேங்காய் மணத்தை அங்கே தேடலாம்.

அதற்கு முன் ஒரு காரியம் செய்தோம். போத்தல்கள் இரண்டையும் குளிர்சாதனப் பெட்டியிலே ஏறத்தாழ அரைமணி நேரம் வைத்தோம். 'சிவப்பு வைனை அறை வெப்பத்திலே பருகு' என்று ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்லும் அறை, கல்லால் கட்டிய பழைய குளிர்நாட்டு வீட்டு அறை. அதன் வெப்பம் 16 முதல் 18 பாகை. நம் ஊர் அறையோ 30 பாகைக்கு மேல். அந்தச் சூட்டிலே வைனைத் திறந்தால் மதுசாரம்தான் முதலில் ஆவியாகி மூக்கை எரிக்கும். மரமணமும் அதனோடு பெருத்துக் கிளம்பும். மெல்லிய பழமணம் அடியிலே நசுங்கிப்போகும். நம் பக்கத்திலே ஓக் வைன் எல்லாம் மரமாகவே மணப்பதற்கு இந்தச் சூடும் ஒரு பங்குதாரர் என்பது என் உறுதியான எண்ணம். இதை மட்டுமாவது தயவுசெய்து நினைவிலே வையுங்கள். பணச் செலவே இல்லாத திருத்தம் இது.

முதலில் பொஜொலே. தம்பி மணந்தார், குடித்தார். "இது சும்மா பழச்சாறு மாதிரி கிடக்கு" என்றார். "அந்தப் பழத்தை நல்லா ஞாபகத்தில வையும்" என்றேன். சிறிய செந்நிறப் பழங்களின் புளிப்பும், மெல்லிய துவர்ப்பும், விழுங்கிய பின் நாவிலே ஊறும் உமிழ்நீரும். மரம் இல்லாத சிவப்பு வைன் எப்படி இருக்கும் என்பதற்கு நாவுக்கு ஒரு பிரமாணம் கிடைத்துவிட்டது. இந்தப் பிரமாணம் இல்லாமல் எவனும் மரத்தை மதிப்பிட இயலாது. ஓக் சேர்ந்ததை மட்டுமே குடித்துப் பழகியவனுக்கு எது பழம் தந்தது, எது பலகை தந்தது என்று பிரித்தறிய வழியில்லை. கலந்து வந்ததையெல்லாம் 'வைன் மணம்' என்றே அவன் எண்ணிக்கொள்வான்.

அடுத்து ரியோகா. கிளாஸைச் சுற்றாமல் ஒருமுறை, சுற்றியபின் ஒருமுறை மணக்கச் சொன்னேன். நிறத்தையும் வெள்ளைத் துணியின் மேல் சரித்துப் பார்த்தோம். விளிம்பிலே செங்கல் நிறம் கோடிட்டிருந்தது. அதுதான் பழமையின் அடையாளம், வனிலா அல்ல. மணத்திலே தேங்காய் இருந்தது, கறுவாவும் இருந்தது. ஆனால் உலர்ந்த பழம், பதப்படுத்திய தோல், இலைச்சருகு என்று இன்னும் எத்தனையோ அவற்றோடு பின்னிக் கிடந்தன. விழுங்கியபின் கடைசியிலே நாவில் எது நின்றது என்று கேட்டேன். தம்பி சிறிது நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, "பழம்தான் அண்ணை, புளிப்பான பழம்" என்றார். பிறகு அவராகவே முதற் போத்தலை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, "இதில பலகை எல்லோ நிக்குது!" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அன்றிரவு எனக்கு நித்திரை வராத அளவுக்குச் சந்தோஷம்.

என் பரீட்சை இதுதான். மணத்திலே மரம் முன்னால் வருவதை நான் குற்றமாகக் கொள்வதில்லை. இளம் வைனிலே அது இயல்பு, காலம் அதைச் சேர்த்துக்கொள்ளும். வாயின் நடுவிலே பழம் இருக்கிறதா? விழுங்கியபின் எஞ்சி நிற்பது பழமா, பலகையா? பழத்தின் துவர்ப்பு என் அனுபவத்திலே ஈறுகளையும் கன்னத்தின் உட்புறத்தையும் பற்றும். உமிழ்நீர் ஊற ஊறக் கரையும். மிகையான மரத்தின் துவர்ப்போ நாவின் நடுவிலே தூள் படிந்தாற் போல உலர்த்திக்கொண்டே இருக்கும், ஊறவே விடாது. மரம் வைனைத் தாங்கியதா, மூடியதா என்பதை வேறு எந்த அடையாளத்தைக் காட்டிலும் இந்த உலர்ச்சியை வைத்தே நான் தீர்மானிக்கிறேன்.

முதற் போத்தல் எப்படி அவ்வளவு மணத்தது என்பதற்கு வருவோம். மலிவான வைனுக்குப் பீப்பா கட்டுபடியாகாது. ஆகவே உருக்குத் தொட்டியிலே வைனை நிரப்பி, வாட்டிய ஓக் சிறாய்களைப் பைகளிலே கட்டி உள்ளே இறக்கிவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006இலே இதற்கு அனுமதி அளித்தது. சட்டப்படி குற்றமில்லை, தேகத்துக்குக் கெடுதியும் இல்லை. இந்தச் சிறாய்கள் வீட்டிலே வைன் செய்பவர்களுக்கென்று சிறு பைகளிலும் விற்பனையாகின்றன. கனடாவிலிருந்து ஒரு சினேகிதர் முன்பொருமுறை அனுப்பியிருந்தார். மரமணம் இல்லாத எளிய வைன் ஒன்றை இரண்டு போத்தல்களிலே பிரித்து, ஒன்றிலே சிறாயை இட்டு, ஒன்றை வெறுமனே விட்டு, நாள்தோறும் சிறிது எடுத்துப் பார்த்தேன். மணம் சில நாட்களிலேயே ஏறிவிட்டது. வனிலாவும் புகையும் நன்றாகவே வந்தன. ஆனால் துவர்ப்பின் கரடு இருந்தபடியே இருந்தது. மணம் மேலாகவும் வைன் கீழாகவும் இரண்டு தனித்தனிப் படைகளாக நின்றன. சிறாய் பீப்பாவின் முதல் வேலையை அவசரமாகச் செய்கிறது. இரண்டாவது வேலையை, அந்த மெல்லிய சுவாசத்தை, அதனால் செய்ய முடிவதில்லை. பெரிய ஆலைகளிலே தொட்டிக்குள் சிறுகச் சிறுகப் பிராணவாயுவைச் செலுத்தி அதையும் ஈடுசெய்யப் பார்க்கிறார்கள். சிலவேளை நன்றாகவும் செய்கிறார்கள். ஆயினும் முகச்சீட்டிலே 'ஓக்' என்ற சொல் மாத்திரம் இருந்து, 'பீப்பா' என்ற சொல் எங்குமே இல்லாதிருந்தால், வாங்குமுன் சற்று யோசியுங்கள்.

பழைய பீப்பாவுக்கும் ஒரு கேடு உண்டு. அதையும் சொல்ல வேண்டும். சுத்தம் தவறிய பீப்பாவின் மரத்துளைகளிலே பிரெற்றனோமைசிஸ் என்ற மதுவம் (ஈஸ்ட்) குடிபுகுந்துவிட்டால், வைனிலே குதிரைலாயத்தின் மணம் ஏறும். நெடுந்தீவுக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். மட்டக்குதிரைகள் இன்றும் வெளிகளிலே மேயும் ஊர் அது. மிகச் சிறிதளவு இருந்தால் சிலர் அதை ரசிக்கிறார்கள். என் மூக்குக்கு அது எந்த அளவிலும் உவப்பில்லை. வைனின் மேல் பழி. மரத்தின் மேலும் பழி.

இனி நம் சொந்த வைன். சிறுவயதிலே பீடப்பரிசாரகனாக நின்ற நாட்களில், பூசைக்குரிய இரசத்தைச் சின்னக் குப்பியிலே வார்க்கும்போது எழுந்த மணம்தான் என் மூக்கு அறிந்த முதல் வைன் மணம். திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் விதி, பூசைக்குரிய இரசம் முந்திரிகைக் கனியிலிருந்து இயற்கையாக வந்ததாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும் என்று கூறுகிறது. மரத்தைப் பற்றி அது ஒன்றும் கேட்பதில்லை. பழத்தைப் பற்றித்தான் கேட்கிறது. குடாநாட்டிலே தோலகட்டி என்றால் வைன் நினைவு வராதவர் குறைவு. தோமஸ் அடிகளார் 1928இலே அங்கே தொடக்கிய செபமாலைத் தாசர் சபையினர், செபமும் மௌனமும் தோட்டவேலையுமாக வாழ்ந்து, முந்திரிகை வைனும் நெல்லி இரசமும் செய்து நம் வீடுகள்வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். 1990இன் போர்க்கால இடப்பெயர்வு வலிகாமம் வடக்கையே வெறுமையாக்கிய போதும் அந்தப் பெயர் மக்கள் வாயிலிருந்து போகவில்லை. இனிப்பான வைன் அது. ஓக்கோடு அதற்குச் சம்பந்தமும் இல்லை, தேவையும் இல்லை. குளிர வைத்து, நத்தார் இரவிலே கேக்கோடு சிறிதளவு பருகும்போது, பழம் நேராக வந்து பேசுகிறது. அதைப் போர்தோவோடு ஒப்பிட்டுக் குறை காண்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. வலிகாமத்துச் செம்மண்ணிலே இன்று பெரிதும் காய்க்கும் 'இஸ்ரேல் புளூ' என்ற இனம் உண்பதற்கு உரிய பழம். நம் வெப்பத்திலே கொடிக்குப் பனிக்கால உறக்கமும் கிடையாது; கத்தரித்துத்தான் பருவத்தை உண்டாக்க வேண்டும். இத்தகைய மென்மையான பழத்தைப் புது ஓக்கிலே வைத்தால் மரம் அதை விழுங்கிவிடும். பெங்களூருக்கு அருகே நந்தி மலையடிவாரத்திலே குரோவர் நிறுவனத்தார் தங்கள் 'லா ரிசர்வ்' வைனைப் பிரெஞ்சு ஓக்கிலே வைக்கிறார்கள் என்றால், அதற்கென்றே தடித்த தோலுள்ள பிரெஞ்சு இனங்களை நட்டு வளர்த்திருக்கிறார்கள். மரத்தைச் சுமக்கும் வலு அந்தப் பழத்துக்கு இருக்கிறது.

நம் நாட்டில் மரத்துக்கு உண்மையான வேலை இருக்கும் இடம் சாராயம். தென்னஞ்சாராயத்தைச் சாவண்டலை மரத்தொட்டிகளிலே (சிங்களத்தவர் ஹல்மில்ல என்பார்கள், ஆங்கிலேயர் திருகோணமலை மரம் என்றே பெயர் வைத்தார்கள்) பக்குவப்படுத்தும் வழக்கம் இலங்கையிலே நெடுங்காலமாக இருக்கிறது. சாவண்டலை ஓக்கைப் போல வனிலாவை அள்ளி வீசுவதில்லை. அடக்கமான மரம், காரத்தைத் தணித்து, நிறத்தைச் சிறிது கொடுத்து, விலகி நின்றுகொள்ளும். நல்ல பழைய சாராயத்தைச் சிறிதளவு நீர் கலந்து முகர்ந்து பார்ப்பவர்கள், மரம் செய்த உபகாரத்தை மரவாசனை இல்லாமலே உணர முடியும். பனஞ்சாராயத்துக்கும் இவ்வாறு பொறுமையான மரவாசம் வாய்த்தால் எப்படி இருக்கும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. நம் பனையின் மணம் தென்னையைவிட முரடானது, தனித்தன்மையுள்ளது. அதற்கு ஓக் பொருந்துமோ சாவண்டலை பொருந்துமோ, சிறு தொட்டிகளிலே வைத்துப் பார்த்தல்லவோ சொல்ல முடியும். செய்யக்கூடிய இடத்திலே இருப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால், ஒரு தொட்டியையாவது ஒதுக்கி, சில ஆண்டுகள் மறந்துவிடுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

(மதுவே ஆகாது என்று இருப்பவர்கள் நம்மிடையே பலர், நயினாதீவுக்கு அம்மனைத் தரிசிக்கப் போகும் நாட்களிலே நானும் அதைத் தொடுவதில்லை. குடும்பங்களைக் குடி அழித்ததை நம் தீவுகளிலே கண்ணால் கண்டவன் நான். ஒரு கிளாஸை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு மணந்து பேசுவது அதற்கு எதிரான பழக்கம் என்று நம்புகிறேன். அப்படி நம்பாதவர்களின் கருத்தையும் மதிக்கிறேன்.)

ஊருக்கு வரும்போது எந்தப் போத்தலைக் கொண்டுவரலாம் என்று வெளிநாட்டிலிருந்து கேட்டு எழுதுகிறீர்கள். பாரமான கண்ணாடியையும் பொன்னெழுத்தையும் பார்த்து வாங்காதீர்கள். இரண்டு போத்தல் கொண்டுவர முடியுமானால், ஒன்று மரமே படாததாக இருக்கட்டும், பொஜொலே போல. மற்றொன்று பீப்பாவின் காலத்தை முகச்சீட்டிலே சொல்வதாக இருக்கட்டும், ரியோகாவின் ரிசர்வாவோ, அதற்கு ஒரு படி முந்திய கிரியான்ஸாவோ போதும். கிரான் ரிசர்வாவுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. வந்தவுடனே திறந்துவிடுங்கள். நம் வீட்டு அலுமாரியின் சூட்டிலே ஓராண்டு வைத்தால் அது பக்குவப்படாது, வெந்துபோகும். தக்கையும் தளர்ந்து ஒழுகும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகேறுபவர்கள் போத்தலை ஈரத்துணியிலே சுற்றி நிழலிலே வையுங்கள். குடிக்கும்போது மரமில்லாததை முதலிலும் மரமுள்ளதைப் பின்னாலும் ஊற்றுங்கள். தொட்டுக்கொள்ள, மரமுள்ளதற்கு ஆட்டிறைச்சிப் பிரட்டல் நன்றாகப் பொருந்தும், உறைப்பை மட்டும் சற்றுக் குறைக்கச் சொல்லுங்கள். உறைப்பு ஓக்கின் துவர்ப்பை இரட்டிப்பாக்கிவிடும். கணவாய்க் கறியோடு பொஜொலேயைக் குளிர்வித்துக் குடித்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்; எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது, உங்கள் நாவுக்கு எப்படி என்று அறிய ஆவல்.

பாரிஸ் தம்பி அடுத்த தடவை வரும்போது ஒரே ஊர், ஒரே ஆண்டு, புதுப் பீப்பா ஒன்றும் பழைய பீப்பா ஒன்றுமாக இரண்டு போத்தல் தேடிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நெடுந்தீவுப் பெரியவரையும் அழைத்து வைத்துத்தான் திறப்பதாக உத்தேசம். பிளா அவர் கோலித் தருவார், கள்ளுக்கு.